முயலை விரட்டும் துப்பாக்கி, காதைக் காக்கும் சைலன்ஸர்! நியூசிலாந்துப் பண்ணைகளில் எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

'முதல் நாள் வெடிச்சத்தத்துக்குப் பன்றி ஓடுகிறது. நாலாவது நாள் வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கடலையைத் தின்கிறது.' காட்டோர விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. சத்தம் ஓர் அளவுக்குத்தான் விலங்கை விரட்டும். அதன்பிறகு அந்தச் சத்தத்தால் பாதிக்கப்படுவது விலங்கு இல்லை, வெடிக்கிறவரின் காதுதான்.

இந்த உண்மையைப் பல வருடங்களுக்கு முன்பே புரிந்துகொண்டு, பயிர் காக்கும் துப்பாக்கியின் சத்தத்தையே குறைத்துவிட்டவர்கள் நியூசிலாந்துப் பண்ணைக்காரர்கள். அங்கே துப்பாக்கிக்கு சைலன்ஸர் மாட்டுவது, பைக்குக்கு சைலன்ஸர் இருப்பதைப்போல சாதாரண விஷயம். நம் நாட்டில் இதற்கு அனுமதி கிடையாது. இருந்தாலும், அவர்கள் ஏன் இதைப் பயன்படுத்துகிறார்கள், எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள் என்பதில் நமக்கும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.

பத்து முயல், ஓர் ஆட்டுத் தீவனம்!

நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள மத்திய ஒடாகோ, அந்த நாட்டிலேயே வறண்ட பகுதி. அலெக்ஸாண்ட்ரா ஊரைச் சுற்றி ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர்தான் மழை. மேய்ச்சல் புல்லை நம்பி மெரினோ செம்மறி வளர்க்கும் பூமி. 1830-களில் ஐரோப்பியக் குடியேறிகள் இறைச்சிக்காகவும் வேட்டைக்காகவும் கொண்டுவந்து விட்ட முயல்கள், இந்த வறண்ட மண்ணில் அளவில்லாமல் பெருகின. 1876-லேயே முயல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் போடும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

ஒரு பெண் முயலின் சினைக்காலம் 30 நாள்தான். ஈன்ற உடனேயே மறுபடியும் சினை பிடித்துவிடும். பத்துப் பன்னிரண்டு முயல்கள் சேர்ந்தால் ஓர் ஆடு தின்னும் புல்லைத் தின்றுவிடும் என்பது அந்தப் பகுதி பண்ணைக்காரர்கள் போடும் கணக்கு. புல் போனால் மண்ணும் காற்றோடு போய்விடும்.

ஒடாகோவில், நிலத்தில் முயல் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது நிலத்துக்காரரின் கடமை. புழுக்கை, சுரண்டல் தடங்களை வைத்து 1 முதல் 8 வரை மதிப்பிடும் 'மெக்லீன் அளவுகோல்' நடைமுறையில் இருக்கிறது. அது 3-க்கு மேல் போகக் கூடாது என்பது மண்டல நிர்வாகத்தின் விதி. விஷத் தீவனம், முயல் புகாத வேலி, வளைகளை அழிப்பது ஆகியவைதான் அங்கே முதல் கட்ட வேலைகள். அதற்குத் தப்பிய முயல்களை ஒழிக்கத்தான் துப்பாக்கி. மிச்சம் இருக்கும் நாலைந்து ஜோடிகளை விட்டால், அடுத்த வருடம் பழைய கதைதான்.

இந்த மிச்சத்தைப் பிடிக்கும் வேலையில்தான் சத்தம் பெரிய எதிரி. இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றைச் சுட்டால், மீதி எல்லாம் வளைக்குள் போய்விடும். இரண்டு, மூன்று முறை தப்பிய முயல், வெளிச்சத்தைக் கண்டாலே ஓடப் பழகிவிடும். குட்டி போடும் பருவத்தில் செம்மறிகள் மிரண்டால், தாய் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமுமாகச் சிதறும். கூடவே வரும் மேய்ப்பு நாய்க்குக் காதடைப்பான் போடவும் முடியாது. இதனால்தான் சைலன்ஸர் அங்கே பண்ணைக் கருவிகளில் ஒன்றாகிவிட்டது.

பைக் சைலன்ஸரும் இதுவும் பங்காளிகள்

துப்பாக்கி சைலன்ஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவைச் சேர்ந்த ஹிராம் பெர்சி மாக்ஸிம். 1909-ல் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்ஸிமின் மகன் இவர். மோட்டார் இன்ஜின்களின் புகைபோக்கிச் சத்தத்தைக் குறைக்கும் வேலையிலும் இவர் ஈடுபட்டார். இரண்டுக்கும் அடிப்படைத் தத்துவம் ஒன்றுதான்.

துப்பாக்கிக்குள் வெடிமருந்து எரியும்போது, சூடான வாயு மிகுந்த அழுத்தத்தோடு தோட்டாவைத் தள்ளுகிறது. தோட்டா குழலைவிட்டு வெளியேறியதும், பின்னாலேயே வரும் வாயு ஒரே நேரத்தில் காற்றில் விரிகிறது. அதுதான் 'டமார்' என்ற சத்தம். சைலன்ஸர் என்பது குழலின் நுனியில் திருகி மாட்டும் ஓர் உலோக உருளை. உள்ளே வரிசையாகத் தடுப்புத் தட்டுகள் இருக்கும். நடுவில் தோட்டா போக மட்டும் ஓட்டை. வாயு ஒவ்வோர் அறையிலும் தங்கி, சுழன்று, சூடு குறைந்து, மெதுவாக வெளியேறுகிறது. வாய்க்காலில் பாய்ந்துவரும் தண்ணீரின் வேகத்தை, இடையிடையே தடுப்பு வைத்துக் குறைப்பதுபோலத்தான்.

சினிமாவில் காட்டுவதுபோல 'புஸ்' என்று மட்டும் சத்தம் வராது. வாயு வெடிக்கும் சத்தத்தை மட்டுமே சைலன்ஸர் குறைக்கும். தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால், வழி நெடுகச் சாட்டையைச் சொடுக்கியதுபோல ஒரு வெடிப்பொலி எழும். அதை எந்த சைலன்ஸராலும் தடுக்க முடியாது. தோட்டா இலக்கில் படும் சத்தமும், துப்பாக்கியின் இயந்திரப் பாகங்கள் நகரும் சத்தமும்கூட அப்படியேதான் இருக்கும்.

140 டெசிபல் என்ற கோடு

சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கு, நாம் போடும் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபல் கூடினால், ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 30 டெசிபல் கூடினால் 1,000 மடங்கு. திடீரென வெடிக்கும் சத்தத்துக்கு 140 டெசிபலைத்தான் ஆபத்துக் கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரே ஒரு வெடிகூடக் காதை நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

முயல் சுடப் பயன்படும் பாயின்ட் 22 துப்பாக்கியின் சத்தமே ஏறத்தாழ இந்தக் கோட்டைத் தொடுகிறது. 12 போர் ரவைத் துப்பாக்கி 150-ஐத் தாண்டுகிறது. மான் சுடும் பாயின்ட் 308 போன்ற பெரிய துப்பாக்கிகள் 160-க்கும் மேலே போகின்றன. நல்ல சைலன்ஸர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். பெரிய துப்பாக்கியில் மாட்டினாலும் சத்தம் 140-ஐ ஒட்டித்தான் வந்து நிற்கும். அதனால் சைலன்ஸர் இருந்தாலும் காதடைப்பான் போட வேண்டும் என்பதே பாதுகாப்பு விதி.

உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய முடிசெல்கள் இருக்கின்றன. வெட்டிவிட்ட புல் மறுபடியும் துளிர்க்கும். இந்தச் செல்கள் அழிந்தால் துளிர்ப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். குழந்தைகளின் பேச்சும் பறவைகளின் குரலும் தெளிவில்லாமல் போகும். பிறகு காதில் ஓயாத ரீங்காரம் வரும். வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுபவருக்கு, குழல் நுனிக்கு நேராக இருக்கும் இடது காதுதான் முதலில் மந்தமாகும். வலது காதைத் தலையே ஓரளவு மறைத்துக் காப்பாற்றிவிடுகிறது.

தேர்வு செய்யும்போது பார்க்கும் 7 விஷயங்கள்

1. துளையின் அளவு: துப்பாக்கியின் தோட்டா அளவுக்கு ஏற்ற சைலன்ஸராக இருக்க வேண்டும். பெரிய தோட்டாவுக்குச் செய்ததைச் சிறிய தோட்டாத் துப்பாக்கியில் மாட்டினால் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மாற்றி மாட்டினால், தோட்டா உள்தட்டில் இடித்து உருளையே சிதறும். அதேபோல பாயின்ட் 22-க்கான மெல்லிய சைலன்ஸரை, அதிக அழுத்தமுள்ள பெரிய துப்பாக்கியில் மாட்டவே கூடாது.

2. மரை: போர்வெல் குழாய் இணைப்பில் மரை மாறினால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். அரை அங்குல விட்டமுள்ள குழல் நுனியிலேயே, அங்குலத்துக்கு 20 மரை, 28 மரை என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டாயப்படுத்தித் திருகினால், மரை கெட்டு சைலன்ஸர் ஒருபக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த சைலன்ஸரில் தோட்டா இடிக்கும். அதனால் மாட்டிய பிறகு, குண்டு இல்லாத துப்பாக்கியில் நேரான அளவுக் கம்பியை விட்டு, துளையின் நடுவில் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். மரை போடும் வேலையைத் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் கொடுக்கிறார்கள்.

3. நீளமும் எடையும்: குழலுக்கு முன்னால் நீண்டு நிற்கும் வகை ஒன்று. பாதி உடல் குழலின் மேலேயே பின்னோக்கி அமரும் வகை இன்னொன்று. வண்டியில் ஏறி இறங்குபவர்களும் புதருக்குள் நுழைபவர்களும் இரண்டாவது வகையை விரும்புகிறார்கள். முனையில் எடை கூடினால், நாள் முழுக்கச் சுமப்பவருக்குக் கை கடுக்கும்.

4. உலோகம்: அலுமினியம் இலேசானது, விலையும் குறைவு. பாயின்ட் 22-க்கு அது போதும். தொடர்ந்து சுட்டு ஏறும் சூட்டையும், பெரிய துப்பாக்கியின் அழுத்தத்தையும் துருப்பிடிக்காத எஃகு தாங்கும். ஆனால், கனம் அதிகம். டைட்டானியம் இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும். விலைதான் கடிக்கும்.

5. கழற்றிச் சுத்தம் செய்யும் வசதி: பாயின்ட் 22 தோட்டா பெரும்பாலும் மேலுறை இல்லாத ஈயம். ஈயத்தூளும் கரியும் தட்டுகளில் அப்பிக்கொள்ளும். அதனால் அந்த வகைக்கு, பிரித்துக் கழுவும் சைலன்ஸர்தான் நல்லது. ஈயம் நஞ்சு என்பதால், கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

6. டெசிபல் கணக்கு: 'எங்கள் சைலன்ஸர் 35 டெசிபல் குறைக்கும்' என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, ஒலிவாங்கியை எங்கே வைத்து அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். குழல் நுனிக்குப் பக்கவாட்டில் 1 மீட்டர் தூரத்தில் வைத்து அளப்பது ஒரு முறை. சுடுபவரின் காதருகே அளப்பது இன்னொன்று. ஒரே முறையில் அளந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். காதைக் காக்க வாங்குகிறவருக்குக் காதருகே எடுத்த அளவுதான் முக்கியம். முதல் வெடியின் சத்தம் மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கும். உருளைக்குள் இருக்கும் காற்றின் ஆக்ஸிஜனில், மிச்ச வாயு எரிவதுதான் காரணம்.

7. குறி மாறுகிறதா?: குழல் நுனியில் எடை கூடியதும் தோட்டா விழும் இடம் மாறும். அதனால் சைலன்ஸரை மாட்டிய பிறகு, அட்டையில் சுட்டுப் பார்த்துத் தொலைநோக்கியைச் சரிசெய்ய வேண்டும். கழற்றி மாட்டும்போதெல்லாம் அதே இடத்தில் தோட்டா விழுந்தால், அது நல்ல சைலன்ஸர்.

வேட்டைக்கு ஒன்று, குறிப்பலகைக்கு வேறொன்று

மலை ஏறி மான் சுடுபவர் ஒரு நாளில் ஒன்றிரண்டு குண்டுதான் சுடுவார். அவருக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். குறிப்பலகையில் பயிற்சி எடுப்பவர் 50, 100 என்று சுடுவார். துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்து வைத்திருப்பதால், எடை அவருக்குப் பாரமில்லை. சூட்டைத் தாங்கும் எஃகுதான் அவருக்குத் தேவை. சூடேறிய உருளையிலிருந்து கானல்போல எழும் காற்று, தொலைநோக்கியில் குறியை நெளிய வைக்கும். அதற்காக மேலே துணி உறை போடுகிறார்கள். உறையோடு தொடர்ந்து சுட்டால் உள்ளே சூடு இன்னும் ஏறும் என்பதால், இடையிடையே ஆறவிடுகிறார்கள்.

முயல் சுடுபவரின் தேவை வேறு. அவர் மெதுவேகத் தோட்டாவைப் பயன்படுத்துகிறார். 20 டிகிரி வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். மெதுவேகத் தோட்டா சுமார் 320 மீட்டர் வேகத்தில் பறக்கும். அதனால் சாட்டைச் சத்தம் எழாது. ஆனால், குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகமும் குறையும். பூஜ்ஜியம் டிகிரியில் அது 331 மீட்டர்தான். இடைவெளி இவ்வளவு குறுகுவதால், கோடையில் சத்தமில்லாமல் போன தோட்டாக்களில் சில, உறைபனி இரவில் சொடுக்கும். மெதுவேகத் தோட்டா சீக்கிரம் கீழிறங்கும் என்பதால், 50, 60 மீட்டருக்குள் நெருங்கித்தான் சுட வேண்டும். சத்தம் குறைவு என்பதற்காக ஆபத்து குறைவு என்று நினைக்கக் கூடாது. பாயின்ட் 22 தோட்டா தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடக் கூடாது.

வெடிமருந்து எரியும்போது நீராவியும் உண்டாகும். சுட்டு முடித்து அப்படியே மூலையில் சாத்தினால், உள்ளே தங்கிய ஈரமும் கரியும் குழலையே அரித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சைலன்ஸரைக் கழற்றி, தனியே காயவைப்பது கட்டாய வேலை. தெளிப்பானைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும்.

நாட்டுக்கு நாடு சட்டம்

நியூசிலாந்தில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். பின்னணி விசாரணை, பூட்டிவைக்கும் வசதி எல்லாம் பார்த்துத்தான் தருகிறார்கள். 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலைக்குப் பிறகு சட்டம் மேலும் இறுகியது. 2023 ஜூன் முதல் துப்பாக்கிகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கட்டுப்பாடு எல்லாம் துப்பாக்கியின் மீதுதான். சைலன்ஸரை ஒரு பாதுகாப்புக் கருவியாகத்தான் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் 1934-ம் ஆண்டுச் சட்டம், சைலன்ஸருக்குப் பதிவையும் 200 டாலர் வரியையும் விதித்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்ஜியம். ஆனால், பதிவு தொடர்கிறது.

இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. துப்பாக்கியின் சத்தத்தையோ, வெடிக்கும்போது வரும் ஒளியையோ குறைக்கும் துணைக்கருவிகளை, 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. உரிமம் உள்ள துப்பாக்கிக்கும் மாட்டக் கூடாது. லேத் பட்டறையில் செய்யச் சொல்வதும், வாங்கி வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதில் யாரும் விளையாட வேண்டாம்.

நமக்கு என்ன பாடம்?

ஒடாகோ பண்ணைக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, துப்பாக்கி கடைசிக் கருவி. வேலியும் மற்ற தடுப்பு முறைகளும்தான் முதலில். இரண்டாவது, பயிரைக் காப்பாற்றுவதற்காகக் காதை இழக்கக் கூடாது. சைலன்ஸர் நமக்குக் கிடைக்காது. ஆனால், காதடைப்பான் கிடைக்கும். நுரைப்பஞ்சு அடைப்பான் சில ரூபாய்தான். காதை முழுவதும் மூடும் வகை, தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. ஒழுங்காகப் போட்டால், நல்ல சைலன்ஸர் குறைக்கும் அளவுக்குச் சற்றேறக்குறைய அதுவும் குறைக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, கேபின் இல்லாத டிராக்டரிலும் கதிரடிக்கும் இயந்திரத்திலும் நாள் முழுக்க வேலை செய்பவர்களும் இதைப் போட வேண்டும். 'அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான் ஓட்டுகிறோம்' என்று சொல்பவர்களிடம் பேச, இன்று சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் கிடைக்குமா? கிடைத்தால் பன்றியைச் சுடலாமா?

பதில்: 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து இட்டுச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால், துப்பாக்கி உரிமம் என்பது வேட்டை உரிமம் ஆகாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம்.

கேள்வி: காட்டுப்பன்றியைச் சுட தமிழக அரசு உத்தரவு போட்டுவிட்டதாகச் சொல்கிறார்களே?

பதில்: 2025 ஜனவரியில் வந்த உத்தரவு, விவசாயிகள் சுடுவதற்கானது இல்லை. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், உரிய விசாரணைக்குப் பிறகு வனத்துறையினர் சுடுவார்கள். சேதம் ஏற்பட்டால் உடனே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இழப்பீட்டுக்கும் அந்தப் புகார்தான் அடிப்படை.

கேள்வி: பி.வி.சி குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் துப்பாக்கி நல்ல பலன் தருகிறது. உரிமமும் தேவையில்லையே?

பதில்: வேண்டவே வேண்டாம். கார்பைடில் தண்ணீர் பட்டதும் உண்டாகும் அசிட்டிலீன் வாயுதான் அதில் வெடிக்கிறது. குழாய் எப்போது பிளக்கும் என்று சொல்ல முடியாது. வெடிக்கவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்க்கும்போது வெடித்துக் கண் போகிறது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில், இந்தக் குழாய்த் துப்பாக்கியால் ஏராளமான குழந்தைகளின் கண்கள் பாதிக்கப்பட்டன. மேலும், பன்றி அந்தச் சத்தத்துக்கும் சில நாள்களில் பழகிவிடும். அந்தச் செலவைச் சூரிய மின்வேலியில் போடலாம். மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள். காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால், வேலி போடும் முன் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காரணம் கொண்டும் கம்பத்திலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்து வேலிக்குக் கொடுக்கக் கூடாது. பன்றிக்கு வைத்த மின்கம்பியில் யானை மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த மகனும் சிக்கிக்கொள்ளலாம்.